பீரோ வெள்ளைக் குள்ளன் ஆன கதை

என் தம்பியை எல்லோரும் பீரோ என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்தவன் பள்ளிக்கூடத்தில் அவனுக்குப் பின்பெஞ்சில் உட்கார்ந்தவன். கரும்பலகை தெரியாத வயிற்றெரிச்சல். வைத்தவன் எங்கே போனானோ, பெயர் மட்டும் தம்பியோடு தங்கிவிட்டது.

நான் அவனுக்கு அக்கா. எட்டாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டுத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தவள். அளவெடுப்பது என் தொழில் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன், தம்பியைப் போல அளவெடுக்கச் சுகமான உடம்பு வேறு கிடையாது. நெளியமாட்டான், மூச்சை இழுத்து வயிற்றை ஒளிக்கமாட்டான். சுற்றி வர ஒரு நாடா போதாது, அவ்வளவுதான் குறை. இரண்டு நாடாக்களை ஊசி குத்தி இணைத்துக்கொள்வேன்.

அவன் வாழ்க்கையில் அதிகம் கேட்ட சொல் 'ஒதுங்கு'. பேருந்தில் ஒதுங்கு, மாடிப்படியில் ஒதுங்கு, கடை வாசலில் ஒதுங்கு. குடும்பத்தோடு போட்டோ எடுக்கப் போனால், "அந்த அண்ணன் மட்டும் கொஞ்சம் பின்னால" என்பார் போட்டோக்காரர். இவன் பின்னால் போவான். "இன்னும் கொஞ்சம்" என்பார். எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் படத்தில் அவன் ஸ்டுடியோ வாசலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்க்கிறான். தெரியாதவர்கள் கடன்காரர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கதவில் இடித்துக்கொண்டால் கதவிடம் "மன்னிச்சிடுங்க" என்று சொல்லும் பிள்ளை அவன். இதை நானே காதால் கேட்டிருக்கிறேன்.

அவனுக்கு வேலை அறிவியல் கூடத்தில். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டிக்கெட் கிழிக்க வேண்டும். உள்ளே வட்டமான பெரிய மண்டபம், சுற்றிலும் கறுப்புத் திரை. திரையை இழுத்தால் பட்டப்பகலிலும் கும்மிருட்டு. கூரையிலிருந்து கம்பியில் கோள்கள் தொங்கும். சனியின் வளையம் அட்டையில் வெட்டியது. மின்விசிறி போட்டால் அது கழன்று விழும் என்று எவ்வளவு புழுங்கினாலும் மின்விசிறி போடமாட்டார்கள். திரை கிழிந்தால் தைக்க என்னைக் கூப்பிடுவார்கள். அப்படி ஒரு நாள் திரையைத் தைத்துக்கொண்டிருந்தபோதுதான் இந்தக் கதை ஆரம்பித்தது.

அன்று ஒரு ஆய்வாளர் அம்மா வந்திருந்தார். வானத்தில் ஒரு ஜோடியைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். அதைப் பிள்ளைகளுக்கு ஒரு காட்சியாகப் போட வேண்டும் என்று மேலாளர் கேட்டிருந்தார். எல்லோரையும் டீ குடிக்கும் அறையில் உட்கார வைத்து அந்த அம்மா விளக்கினார். நானும் ஊசியோடு போய் ஓரமாக உட்கார்ந்தேன். எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன்.

ஜோடியில் ஒருவர் வெள்ளைக் குள்ளன். அது எரிந்து முடிந்த ஒரு சூரியன். எரிய வேண்டியதெல்லாம் எரிந்து, வெளிப்பக்கம் பறந்துபோய், நடுவில் மிஞ்சிய கொட்டை. பருமனில் நம் பூமிக்கு அண்ணன் தம்பி, எடையில் சூரியனில் பாதி. அதில் ஒரு தேக்கரண்டி அள்ளினால் ஒரு கார் எடை இருக்குமாம். வெந்து வெளுத்துப்போன சூடு. மற்றவர் பழுப்புக் குள்ளன். விண்மீன் ஆக வேண்டும் என்று கிளம்பி, அடுப்புப் பற்றுகிற அளவுக்குப் பாரம் சேராமல் பாதியில் நின்றுவிட்டது. வெள்ளையைவிடப் பத்து மடங்கு அகலம், ஆனால் எடை பத்தில் ஒரு பங்குதான். இரண்டும் மிக நெருக்கம். ஜோடியை அப்படியே தூக்கி நம் சூரியனுக்குள் வைத்து மூடிவிடலாம். ஒரு சினிமா பார்த்து முடிப்பதற்குள் ஒன்றையொன்று ஒரு சுற்றுச் சுற்றிவிடும். பழுப்பு எப்போதும் ஒரே முகத்தைத்தான் வெள்ளைக்குக் காட்டும். அதனால் முகம் வறுபடும், முதுகுக்கு அந்தச் சூடு போகாது.

"பெரிசு லேசு, சிறிசு கனமா?" என்றார் மேலாளர். "மேடம், வாய் தவறி மாத்திச் சொல்லிட்டீங்களா?"

"மாத்தலை சார். அப்படித்தான்."

"இதுல என்ன சார் ஆச்சரியம்?" என்றாள் கடுகு. கடுகு என்பது அங்கே மின்சார வேலை பார்க்கும் பெண்ணின் பட்டப்பெயர். என் தோளுக்கும் வரமாட்டாள். ஆனால் அவள் ஏணி மேல் நின்று திட்டினால் வாசலில் இருக்கும் தம்பிக்குக் காது கூசும். "கடுகு சிறுத்தாலும் காரம் குறையாதுன்னு சும்மாவா சொன்னாங்க? இதோ நான் நின்னுக்கிட்டிருக்கேன், பார்த்துக்குங்க."

"இன்னொரு விஷயம்" என்றார் ஆய்வாளர் அம்மா. "வெள்ளை ஒரு காலத்துல பெரிய விண்மீனா இருந்துச்சு. வயசான காலத்துல உப்பிப் போய், பக்கத்துல இருந்த பழுப்பை முழுங்கிடுச்சு. பழுப்பு அது வயித்துக்குள்ளேயே சுத்திச் சுத்தி, அந்த வயித்தையே உதறி எறிஞ்சிட்டு முழுசா வெளிய வந்துடுச்சு."

"முழுங்கினது செரிக்கலையா?"

"செரிக்கலை."

"என் மாமியாருக்கும் எனக்கும் அதேதான்" என்றாள் கடுகு.

ஆய்வாளர் அம்மா தன் ஆராய்ச்சிக்குத் திரும்பிப் போய்விட்டார். ஆள் தேர்ந்தெடுக்கும் வேலை மேலாளருக்கு. அவர் யோசிக்கவே இல்லை. பெரியது என்றதும் என் தம்பியைப் பார்த்தார், சிறியது என்றதும் கடுகைப் பார்த்தார். முடிந்தது. எங்கள் யாருக்கும் அதில் தப்புத் தெரியவில்லை. ஜவுளிக்கடையில் பொம்மைக்குச் சட்டை மாட்டுவது போல அவ்வளவு பொருத்தமாக இருந்தது.

உடுப்புகள் என் பொறுப்பு. பழுப்புக் கோளத்துக்குப் பிளாஸ்டிக் வளையங்களை அடுக்கி, மேலே குடைத்துணியைத் தைத்து, உள்ளே ஒரு சின்னக் காற்றாடியை வைத்தேன். அது ஓடினால் துணி விம்மிக்கொண்டு நிற்கும். கோளத்தின் ஒரு பக்கம் மட்டும் கடுகு ஆரஞ்சு விளக்குகளைப் பொருத்தினாள். அதுதான் வறுபடும் முகம். தலையும் காலும் மட்டும் வெளியே தெரியும்.

முதல் நாள் தம்பி அதைப் போட்டுக்கொண்டு நின்றபோது மேலாளர் சுற்றி வந்து பார்த்தார். "கையை நல்லா விரிங்க பீரோ. இன்னும் விரிங்க. இன்னும் பெரிசா!" என்றார்.

தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். அவன் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான்.

"பெரிசான்னு சொன்னாருக்கா. இன்னும் பெரிசான்னு."

"கேட்டேன்டா. நானும் அங்கதான இருந்தேன்?"

"யாராவது என்கிட்ட அப்படிச் சொல்லியிருக்காங்களா?"

யாரும் சொன்னதில்லை. அந்த வேஷம் அவனுக்கு எவ்வளவு முக்கியம் என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது.

ஒத்திகை பார்க்க ஆய்வாளர் அம்மா வந்தார். ஏற்பாடு இதுதான். கனமான பெட்டிகளை நகர்த்தச் சக்கரம் வைத்த பலகைகள் உண்டு. ஒன்றில் தம்பி, இன்னொன்றில் கடுகு. இருவர் இடுப்பிலும் பெல்ட். இரண்டு பெல்டையும் ஒரு நீளமான குழாய் இணைக்கிறது. அதனால் தம்பி எப்போதும் கடுகின் பக்கமே முகத்தைக் காட்டியபடி இருப்பான். ஒரு தள்ளுத் தள்ளினால் கடுகு நடுவில் மெல்லச் சுழல வேண்டும், தம்பி அவளைப் பெரிய வட்டமாகச் சுற்றி வர வேண்டும்.

தள்ளியவர் கணக்கர். கூடத்தின் கணக்கு வழக்கைப் பார்ப்பவர், துடைப்பக்குச்சிக்குக் கண்ணாடி மாட்டியது போல இருப்பார். அவர் எதிரெதிர்ப் பக்கமாக ஆளுக்கு ஒரு தள்ளுக் கொடுத்தார்.

தம்பி இருந்த இடத்திலேயே நின்று மெதுவாகத் திரும்பினான். கடுகு பறந்தாள்.

"ஐயோ, பிடிங்க! அண்ணா, நிறுத்துங்க! யாருடா தள்ளினது? கணக்கரே, இறங்கி வந்தேன்னா உங்க கண்ணாடி உங்ககிட்ட இருக்காது!"

ஒவ்வொரு வாக்கியமும் மண்டபத்தின் வேறு வேறு மூலையிலிருந்து கேட்டது. மேலாளர் குனிந்தார், அவர் தலைக்கு மேல் குழாய் போனது. பிறகு குழாயின் கொக்கி கழன்றது. கடுகு பலகையோடு திரைக்குள் போய்ச் சுருட்டிக்கொண்டு நின்றாள். அந்த அதிர்வில் சனியின் வளையம் விழுந்து கணக்கரின் கழுத்தில் சரியாக மாட்டியது.

"மன்னிச்சிடுங்க, மன்னிச்சிடுங்க" என்று தம்பி எல்லாத் திசையிலும் சொல்லிக்கொண்டிருந்தான். இன்னும் சுழன்றுகொண்டிருந்ததால் அவனுக்கு எல்லாத் திசையும் வாய்த்தது.

ஆய்வாளர் அம்மா சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சார், ரெண்டு பேரை இணைச்சுச் சுத்தவிட்டா, கனமானவர் பக்கத்துலதான் நடு விழும். லேசானவர் ஓடுவார். இவங்க எடையைப் பார்த்தீங்களா?"

"பார்த்தாலே தெரியுமே மேடம், யார் பெரிசுன்னு."

"பெரிசைக் கேட்கலை சார். கனத்தைக் கேட்கிறேன். உங்க பழுப்புதான் இங்க கனம், உங்க வெள்ளை பஞ்சு மிட்டாய்."

"நானா பஞ்சு மிட்டாய்?" என்று திரைக்குள்ளிருந்து குரல் வந்தது.

கடுகைக் கனமாக்கிப் பார்த்தோம். நான் வெள்ளை அங்கியின் உள்ளே பைகளைத் தைத்து மணல் நிரப்பினேன். அவள் எழுந்து நிற்க முடியாமல் உட்கார்ந்த இடத்திலிருந்தே திட்டினாள், தூக்கி நிறுத்தினால் பலகையின் சக்கரம் முறிந்தது. தம்பியை லேசாக்கிப் பார்த்தோம். அவனுக்கு வெள்ளரிக்காய் மட்டும்தான் என்று நான் கண்டிப்பாக இருந்தேன். வெள்ளரிக்காய் குறைந்தது, தம்பி குறையவில்லை.

மேலாளர் முடிவெடுத்தார். "பள்ளிக்கூடப் பிள்ளைங்க வெள்ளிக்கிழமை வர்றாங்க. கோளத்துக்குள்ள கணக்கர் நிக்கட்டும். கடுகுக்குக் கொஞ்சம் மணல் போதும். பீரோ, நீங்க உங்க ஸ்டூலுக்கே போயிடுங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

"சரிங்க சார்" என்றான் தம்பி. கோளத்தைக் கழற்றிக் காற்றை இறக்கி, சட்டையை மடிப்பது போல மடித்துக் கணக்கரின் கையில் கொடுத்தான். என்னிடம், "பரவாயில்லக்கா. வாசலுக்கும் ஆள் வேணுமில்ல?" என்றான்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஆனால் வேலை வேலைதான். கோளத்தைக் கணக்கருக்குத் தகுந்தபடி மாற்றிக் கொடுக்க வேண்டும். அவர் அளவு கொடுக்க வந்து நின்றார். நாடா இரண்டு சுற்றுச் சுற்றியும் மிச்சம் இருந்தது.

"இடுப்புல கொஞ்சம் பிடிச்சுக் கொடுங்கம்மா. பார்க்க எடுப்பா இருக்கும்."

"இது கோளம் சார். கோளத்துக்கு ஏது இடுப்பு?"

"அதில்லம்மா, முன்வரிசையில என் வீட்டுக்காரி உட்காருவா."

"அப்ப கழுத்துல காலர் வைக்கட்டுமா?"

"வைக்க முடியுமா?" என்றார் அவர், உண்மையாகவே.

மாற்றித் தைத்த கோளத்தைப் போட்டுப் பார்க்கும் நாள் வந்தது. கணக்கர் தலை வாரிக்கொண்டு தயாராக நின்றார். விளக்கைப் போட்டால் கோளத்தில் ஒன்றும் எரியவில்லை. நான் வளையங்களை நகர்த்தியதில் உள்ளே எங்கோ கம்பி விட்டிருந்தது. கடுகு வாயில் ஸ்க்ரூடிரைவரைக் கவ்விக்கொண்டு, சக்கரப் பலகை மேல் வைத்திருந்த கோளத்துக்குள் புகுந்தாள். துணி விம்மியிருந்தால்தான் உள்ளே கை நீட்ட முடியும் என்று காற்றாடியைப் போடச் சொன்னாள். போட்டோம். கோளம் விம்மிப் பலகையோடு நழுவத் தொடங்கியது.

"யாராவது பிடிங்க!" என்றாள் உள்ளிருந்து.

வாசலில் டிக்கெட் கேட்டு யாரும் இல்லாததால் தம்பி வந்தான். கோளத்தில் மாட்டியிருந்த குழாயின் மறுமுனையைத் தன் பெல்டில் மாட்டிக்கொண்டான். கோளம் நின்றது. தரை வழுக்காமல் இருக்க அவனும் ஒரு பலகையில் ஏறி நின்றான். ஏன் வழுக்கும் தரைக்குச் சக்கரப் பலகை என்று கேட்காதீர்கள், அவனிடம் அப்போதே நான் கேட்டுவிட்டேன், "மன்னிச்சிடுக்கா" என்றான்.

விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. கணக்கருக்குப் பொறுமை போய்விட்டது.

"எரிஞ்சிடுச்சில்ல? வெளிய வாம்மா, நான் ஏறணும்!" என்று கோளத்தை ஒரு தட்டுத் தட்டினார்.

கோளம் கிளம்பியது. கடுகை உள்ளே வைத்துக்கொண்டு, ஆரஞ்சு முகத்தைத் தம்பியின் பக்கமே காட்டியபடி, மண்டபம் முழுக்கப் பெரிய வட்டமாக மிதந்து போனது. நடுவில் தம்பி. அவன் நகரவில்லை என்று சொல்லமாட்டேன். ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு சின்ன வட்டம் போட்டான், அவ்வளவுதான்.

"யாருய்யா தட்டினது!" என்று கோளம் கத்தியது.

அந்த நேரம் ஆய்வாளர் அம்மா கையில் டீயோடு உள்ளே வந்தார். நின்றார். டீ சரிந்து செருப்பில் கொட்டியது, அவர் கவனிக்கவில்லை.

"நிறுத்தாதீங்க!" என்று கத்தினார். "யாரும் தொடாதீங்க! இதுதான்! இதேதான்!"

மேலாளர் ஓடி வந்தார். "எது மேடம்?"

"பெரிசா இருக்கு, உள்ள ஒரு சின்னப் பொண்ணுதான். லேசு. இந்தப் பக்கம் அவ்வளவு கனம், அசையவே மாட்டேங்குது. சார், வெள்ளைக் குள்ளன் பீரோதான்!"

எல்லோரும் தம்பியைப் பார்த்தோம். அவன் வழக்கம்போல யாருக்கோ வழிவிட இடம் தேடினான். குழாய் விடவில்லை.

சந்தோஷப்படுவான் என்றுதான் நினைத்தேன். அன்று மாலை என் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "எனக்கு வேண்டாம்க்கா" என்றான்.

"என்னடா, கிறுக்கு பிடிச்சிருக்கா?"

"வெள்ளை சின்னதா தெரியணுமாம். என்னை இறுக்கிக் கட்டிச் சின்னதாக்கணும்னு மேலாளர் சொல்றாரு. வெளியிலதான் எல்லாரும் சுருங்கு சுருங்குன்னு சொல்றாங்க. மேடையில ஏறியும் நான் சுருங்கணுமா? கோளத்துக்குள்ள மட்டும்தான்க்கா நான் பெரிசா இருக்கலாம்னு சொன்னாங்க."

கத்தரிக்கோலை எடுத்தேன், வைத்தேன். மறுநாள் அவனைக் கூட்டிக்கொண்டு போய் ஆய்வாளர் அம்மாவிடமே விட்டேன். "நீங்களே கேளுங்க மேடம், என்ன சொல்றான்னு."

அவர் கேட்டார். சிரிக்கவில்லை.

"பீரோ சார், வெள்ளைக் குள்ளன் பயந்து சுருங்கினதுன்னு நினைச்சீங்களா?"

"பின்ன?"

"அதுக்குள்ள எரியறதுக்கு ஒண்ணும் இல்லை. எரிஞ்சாத்தானே உள்ளேருந்து தள்ளி உப்பி நிக்க முடியும்? அதனால அதோட சொந்த எடையே அதை நாலாபக்கமும் அமுக்குது. அமுக்கி அமுக்கி ஒரு கட்டத்துல உள்ள இருக்கிற துகள் எல்லாம், 'இதுக்கு மேல நெருங்கமாட்டோம், முடிஞ்சதைப் பார்த்துக்கோ'ன்னு நின்னுடுது. அந்த முரண்டுலதான் அது நிக்குது. சூடு ஆறிப்போனாலும் அப்படியேதான் நிக்கும்."

தம்பி யோசித்தான். "ஒதுங்கலையா?"

"எங்க ஒதுங்கறது? பழுப்புதானே அதைச் சுத்தி ஓடுது?"

"அப்ப மத்தவங்கதான் ஒதுங்கணும்."

"மத்தவங்கதான் ஒதுங்கணும்."

அவன் என் பக்கம் திரும்பிக் கைகளைத் தூக்கினான். அளவெடுத்துக்கொள் என்று அர்த்தம்.

நான் தைத்ததிலேயே கடினமான உடுப்பு அது. இழுபடும் வெள்ளைத் துணி, உள்ளே கித்தான் துணியில் லைனிங், எல்லாத் தையலும் இரட்டை. முதுகில் மேலிருந்து கீழ்வரை ஜிப். நெஞ்சில் கடுகு ஒரு வெள்ளை விளக்கைப் பதித்தாள், பார்த்தால் கண் கூசும். மாட்டும்போது ஒரு பக்கம் அமுக்கினால் இன்னொரு பக்கம் பிதுங்கினான். நான் முன்னால் அமுக்க, கடுகு பின்னால் அமுக்க, ஜிப் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது.

"மூச்சை விடுடா."

"விட்டுட்டேன்க்கா. இதுக்கு மேல உள்ள ஒண்ணும் இல்லை."

"அண்ணா, இன்னும் ஒரு விரல்கடை."

"நெருங்கமாட்டோம்னு சொல்லுது கடுகு, உள்ள இருக்கறதெல்லாம்."

ஜிப் ஏறி முடிந்தது. தம்பி சின்னதாகிவிட்டான் என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் மொத்தமாக, கெட்டியாக, ஒரே பிண்டமாக இருந்தான். எங்கே தட்டினாலும் கதவைத் தட்டிய சத்தம் வந்தது. அளவு விகிதம் சரியாக வராது என்று ஆய்வாளர் அம்மாவே சொல்லிவிட்டார். சரியாக வைத்தால் பழுப்புக் கோளம் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும். அசைவு சரியாக இருந்தால் போதும் என்றார்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். திரையை இழுத்தார்கள். மேலாளர் திரையோரம் நின்றிருந்த தம்பியின் காதில், "சரியா வந்தா இந்த வேஷம் உங்களுக்கே. சொதப்பினா ஸ்டூலு, இனி இந்தப் பேச்சே இல்லை" என்றார். இந்த நேரத்தில் சொல்லக்கூடிய பேச்சா இது? ஆனால் மேலாளர்கள் அப்படித்தான்.

இருட்டில் தம்பியின் நெஞ்சு விளக்கு எரிந்தது. பிள்ளைகள் "ஆ" என்றார்கள். கடுகு உள்ளே நின்ற கோளத்தைக் கணக்கர் தள்ளினார். முகம் மட்டும் சிவந்து, முதுகு இருண்டு, கோளம் கிளம்பியது. ஆய்வாளர் அம்மா பேசப் பேச, ஒரு சுற்று, இரண்டு சுற்று. கோளம் பிள்ளைகளுக்கும் தம்பிக்கும் நடுவில் வந்ததும் மண்டபம் இருண்டது.

"காணோம்! வெள்ளையைக் காணோம்!"

கோளம் நகர்ந்ததும் வெளிச்சம் திரும்ப வந்தது. கைதட்டல். அடுத்த சுற்றில் பிள்ளைகளே "போச்சு... வந்துடுச்சு!" என்று சேர்ந்து கத்தினார்கள். நான் விளக்கையும் பார்க்கவில்லை, கோளத்தையும் பார்க்கவில்லை. தம்பி உடுப்பில் எந்தத் தையல் பிரியுமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருந்தேன். நடுவில் தம்பிக்குத் தும்மல் வந்தது. முகம் சுருங்கியது, நெஞ்சு ஏறியது. நான் பக்கத்திலிருந்த கணக்கரின் கையைப் பிடித்து நசுக்கினேன். தம்பி தும்மினான். விளக்கு ஒரு குலுங்கு குலுங்கியது. ஒரு நூல் கூட விடவில்லை. கணக்கர்தான் "ஆ" என்றார்.

முடிந்ததும் ஆய்வாளர் அம்மா கேட்டார். "சரி, இந்த ரெண்டுல எது கனம்?"

"பெரிசு!" என்று ஒரு கூட்டம். "சிறிசு!" என்று ஒரு கூட்டம். இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் மட்டும் எழுந்து நின்றாள்.

"வெள்ளைதான் மிஸ்."

"எப்படிச் சொல்ற? எடை போட்டியா?"

"போட வேணாம் மிஸ். பெரிசு ஓடிக்கிட்டே இருக்கு. அவரு நின்ன இடத்துலேயே கொஞ்சூண்டுதான் ஆடினாரு."

"வானத்துல நாங்களும் அப்படித்தான் பார்க்கிறோம்" என்றார் ஆய்வாளர் அம்மா. கோளத்துக்குள்ளிருந்து கடுகு கை தட்டினாள், காற்றாடிக்குள் கை பட்டு ஒரு கெட்ட வார்த்தையும் சொன்னாள். நல்லவேளை, காற்றாடிச் சத்தத்தில் பிள்ளைகளுக்குக் கேட்கவில்லை.

மேலாளர் வந்து தம்பியின் முதுகில் தட்டினார். கதவுச் சத்தம் வந்தது. "பீரோ, வேஷம் உங்களுக்குத்தான். தினம் ரெண்டு காட்சி. அடுத்த பள்ளிக்கூடம் வாசல்ல வரிசையில நிக்குது. கணக்கரே, கொஞ்ச நேரம் அந்த ஸ்டூலைப் பார்த்துக்குங்க."

இடைவேளையில் தம்பியை வெளியே எடுக்கலாம் என்று பார்த்தால் ஜிப் நகரவில்லை. தும்மலில் பல் எங்கோ கோத்துக்கொண்டுவிட்டது. கடுகு இழுத்தாள், நான் இழுத்தேன். கடைசியில் கத்தரிக்கோலை எடுத்தேன்.

"வெட்டாதக்கா!" என்றான். "அடுத்த காட்சி இருக்கே."

"வெட்டலைன்னா இதோடயே நில்லு."

"நிக்கிறேன். நிக்கிறதுதான வேஷம்?" என்று சொல்லிவிட்டு மேசையைப் பார்த்தான். அங்கே அவன் சாப்பாட்டுக் கேரியர் இருந்தது. வெள்ளரிக்காய்க் காலம் முடிந்துவிட்டதால் நான் நாலு அடுக்கும் நிறைய வைத்துக் கொடுத்திருந்தேன்.

"சாப்பிடலாமில்ல?" என்றான்.

ஆய்வாளர் அம்மா டீயை வைத்துவிட்டுச் சொன்னார். "பீரோ சார், வெள்ளைக் குள்ளனுக்கு ஒரு எல்லை இருக்கு. அதுக்கு மேல பாரம் ஏத்தினா அந்த முரண்டு தாங்காது. மொத்தமா வெடிச்சிடும்."

தம்பி என்னைப் பார்த்தான். நான் இரட்டைத் தையலைத் தடவிப் பார்த்தேன். தும்மலைத் தாங்கும். நாலு அடுக்கைத் தாங்காது. தொழில் தெரிந்தவள் பொய் சொல்லக்கூடாது, தலையை ஆட்டினேன்.

தம்பி கேரியரை நீண்ட நேரம் பார்த்தான். வெளியே பிள்ளைகளின் சத்தம் கேட்டது. பசி என்றால் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காத பிள்ளை அவன். சின்ன வயதில் என் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டவன். கேரியரை எடுத்துக்கொண்டு, உட்கார முடியாத அந்த உடுப்பில் விறைப்பாக நடந்து வாசலுக்குப் போனான். ஸ்டூலில் சோகமாக உட்கார்ந்திருந்த கணக்கரின் மடியில் வைத்தான்.

"சாப்பிடுங்க சார். கொஞ்சம் சதை போட்டா உங்களுக்கும் ஏதாவது வேஷம் கிடைக்கும்."

வாசலில் வரிசை கதவுவரை நெருக்கிக்கொண்டு நின்றது. தம்பி உள்ளே திரும்ப வேண்டும். என்றைக்கும் போலச் சுவரோடு ஒட்டிக்கொள்வான் என்று பார்த்தேன். அவன் நடுவில் நின்றான், தொண்டையைச் செருமினான், மிகவும் மரியாதையாகச் சொன்னான்.

"கொஞ்சம் ஒதுங்குங்க."

ஒதுங்கினார்கள்.